ஈறு நோயைக் கணிப்பதில் ஆண்–பெண் வேறுபாடு

பல் விளக்கும்போது எச்சிலில் குருதி தோன்றுவதே ஈறு நோயின் முதல் அடையாளம் என்று பள்ளிகளிற் கற்பிக்கின்றோம். வீடுதோறும் செல்லும் சுகாதாரப் பணியாளரும் இதனையே முதலிற் கேட்டறிகின்றனர். அடையாளம் தவறானதன்று. ஆயின் அது பெண்டிரிடத்து ஒருவகையாகவும் ஆடவரிடத்து அதற்கு நேர்மாறான வகையாகவும் நம்மை ஏமாற்றக்கூடியது. கருவுற்ற பெண்ணின் ஈறு, பல்லைத் தாங்கும் எலும்புக்கு யாதொரு கேடும் நேராத நிலையிலும் மிகுதியாகக் குருதி கசியும். பல்லாண்டு பீடி புகைத்த ஆடவரின் ஈறோ, அடியில் எலும்பு கரைந்துவரும் காலத்தும் குருதி கசியாமல், வெளிறித் தடித்துத் தோன்றும். முன்னவரை நோய் முற்றியவர் என்றும் பின்னவரை நலமுடையவர் என்றும் பதிவேட்டில் எழுதிவிடின் இரண்டும் பிழையாம். இப்பிழை எங்ஙனம் நேர்கிறது, களப்பணியில் அதனை எங்ஙனம் குறைக்கலாம் என்பவற்றைக் கோலார் தங்கவயல் போன்றதொரு தொழிலாளர் நகரை மனத்திற்கொண்டு இங்கே ஆராய்வோம்.

தங்கவயலை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கப் பணியை மேற்கொண்டது முதல், 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது வரை, சற்றேறக்குறைய 120 ஆண்டுகள் அவ்வூர் சுரங்கத்தை நம்பியே வாழ்ந்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்று குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஆண்டர்சன்பேட்டை முதலிய பகுதிகளில் இன்றும் வாழ்கின்றனர். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பெண்டிரை நிலத்தடியிற் பணியமர்த்துவதைத் தடை செய்திருந்தது. அத்தடை 2019இல்தான் நிபந்தனைகளுடன் தளர்த்தப்பட்டது. ஆகவே, சுரங்கத் தொழிலாளர் என்ற முறையில் மருத்துவர் முன்னர் நின்றவர் பெரும்பாலும் ஆடவரே. இன்றோ நிலைமை தலைகீழாகிவிட்டது. வேலை தேடுவோர் விடியற்காலை இரயிலிற் பெங்களூருக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். முற்பகல் பத்து மணிக்கு லைன் வீடுகளின் கதவைத் தட்டும் பணியாளர் காண்பது முதியோரையும், கருவுற்ற பெண்களையும், கைக்குழந்தையுடைய தாய்மாரையுமே. யாரைக் காண்கிறோமோ அவரிடத்தே நோயும் மிகுதி என்று எழுதிவிடும் இடர்ப்பாடு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பையும் பிடிப்பும்

பல் தாடையில் ஆணி போல் அறைந்து நிறுத்தப்பட்டதன்று. வேரைச் சுற்றிப் பற்சிமெந்து என்னும் மெல்லிய படையும், அதற்கும் எலும்புக்கும் இடையே நார்களாலான இணைப்பும், மேலே ஈறும் அமைந்துள்ளன. ஈற்றோரத்தில் நுண்கிருமிகள் செறிந்த அழுக்குப் படலம் தங்குமாயின் ஈறு சிவந்து வீங்கும். தொட்டால் குருதி கசியும். இதுவே ஈறழற்சி. 1965இல் ஹரால்ட் லோ என்னும் நார்வே நாட்டறிஞரும் அவருடைய துணைவரும், நல்ல ஈறுடைய 12 பேரைப் பல் விளக்காதிருக்கச் செய்து ஆராய்ந்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி தோன்றிற்று. மீண்டும் பல் விளக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. ஈறழற்சி மீளக்கூடியது என்பது இதனால் உறுதியாயிற்று.

அழற்சி உட்புகுந்து நாரிணைப்பையும் எலும்பையும் கரைக்கத் தொடங்கினால் அது பற்சூழ்திசு அழற்சியாகும். கரைந்த எலும்பு தானாக மீள்வதில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்த, மில்லிமீட்டர்க் கோடுகள் பொறித்த மெல்லிய சலாகையை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே செலுத்தி மருத்துவர் இரண்டு அளவுகளைக் காண்பார். ஈற்றின் விளிம்பிலிருந்து அடிவரை உள்ள ஆழம் 'பை' எனப்படும். எனாமல் முடிந்து வேர் தொடங்கும் வரம்பிலிருந்து அடிவரை உள்ள தொலைவு 'பிடிப்பு இழப்பு' எனப்படும். பையின் ஆழத்தை மட்டும் நம்பினால் நேரும் தவற்றை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம்.

ஏழு மாதக் கருவுடைய ஒரு பெண்ணுக்கு ஈறு வீங்கி, எனாமல் வரம்புக்கு மேல் 4 மி.மீ. உயர்ந்து நிற்கிறது, பையின் ஆழம் 5 மி.மீ. அவருடைய பிடிப்பு இழப்பு 5இலிருந்து 4ஐக் கழித்த 1 மி.மீ. மட்டுமே. புகைப் பழக்கமுடைய ஓர் ஆடவருக்கு ஈறு 3 மி.மீ. கீழிறங்கி வேர் தெரிகிறது. பையின் ஆழம் 3 மி.மீ. தான். அவருடைய பிடிப்பு இழப்பு 3உம் 3உம் சேர்ந்த 6 மி.மீ. உலகச் சுகாதார நிறுவனம் 1982இற் பரப்பிய கணிப்பு முறையில் 4 அல்லது 5 மி.மீ. பை இருந்தால் குறி எண் 3. பற்காரை மட்டும் இருந்தால் குறி எண் 2. அம்முறைப்படி அப்பெண் ஆடவரைவிட மோசமான நிலையில் உள்ளவராவார். உண்மை இதற்கு எதிர்மறை. 1997இல் அந்நிறுவனம் வெளியிட்ட கையேட்டின் நான்காம் பதிப்பு பிடிப்பு இழப்பையும் அளக்குமாறு விதித்தது இக்குறையை ஓரளவு நீக்கிற்று. ஆயினும் பழைய படிவங்களைக் கொண்டு முகாம் நடத்துவோர்க்கு இவ்வேறுபாடு நினைவில் இருத்தல் வேண்டும்.

கருவுற்றோரின் ஈறு

உலகெங்கும் ஈறழற்சியை அளக்க இன்றும் வழங்கும் 'ஈறுச் சுட்டெண்', லோவும் சில்னெஸ் என்பாரும் 1963இல் கருவுற்ற பெண்களை ஆராய்ந்தபோது வகுத்ததாகும் என்பது பலர் அறியாத செய்தி. கருவின் இரண்டாம் மாதம் முதல் அழற்சி மிகுந்து, எட்டாம் மாதத்தில் உச்சமடைந்து, கடைசி மாதத்தில் தணிவதை அவர்கள் கண்டனர். பல்லழுக்கு அதே விகிதத்தில் மிகவில்லை. அதே அளவு அழுக்குக்கு உடல் மிகுதியாக எதிர்வினை காட்டுகிறது என்பதே இதன் பொருள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் ஈற்றின் நுண்குழாய்களை விரியச் செய்து, அவற்றின் வழியே நீர் கசிவதை மிகுவிக்கின்றன. சிலவகை நுண்கிருமிகள் இந்த ஹார்மோன்களைத் தம் வளர்ச்சிக்கே பயன்படுத்திக்கொள்கின்றன என்பதும் 1980இல் வெளியிடப்பட்டது. சிலருக்கு இரு பற்களுக்கிடையே சிவந்த சிறு கட்டி எழும்புவதுண்டு. இது புற்றுநோயன்று, பேறுகாலத்திற்குப் பின் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

ஹார்மோன் தனியே நோயை உண்டாக்குவதில்லை. அழுக்குப் படலம் இருந்தாற்றான் அழற்சி தோன்றும். ஆகவே "பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்" என்று கூறி அனுப்பிவிடுதல் அரை உண்மையே. கருவுறுவதற்கு முன்னரே பற்சூழ்திசு அழற்சி உடையவர்க்குப் பேறுகாலம் முடிந்ததும் வீக்கம் வற்றும். எலும்பின் இழப்பு அப்படியே நிற்கும். வீக்கம் வற்றியதைக் கண்டு குணமாயிற்று என்று நம்பி அவர் மருத்துவமனைக்கு வாராதிருப்பின், அடுத்த பேறுகாலத்தில் நோய் இன்னும் ஆழமாகியிருக்கும்.

கருவிலுள்ள குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்னும் நம்பிக்கை தாய்மாரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பல்லின் சுண்ணாம்பு அங்ஙனம் வெளியேறுவதில்லை. ஆனால் இந்நம்பிக்கையால், பல் ஆடுவதும் விழுவதும் தாய்மையின் இயல்பு என்று பெண்கள் பொறுத்துக்கொள்கின்றனர். ஆசிரியர்கள் தாய்மார் கூட்டங்களில் திருத்தவேண்டிய தவறுகளில் இதற்கே நான் முதலிடம் தருவேன். கருவுற்ற காலத்திற் பல் மருத்துவம் கூடாது என்பதும் தவறு. அமெரிக்காவில் 823 கருவுற்ற பெண்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, பற்காரை நீக்கி வேரைத் தூய்மை செய்தல் தாய்க்கும் சேய்க்கும் தீங்கற்றது, ஈறு நலமடைந்தது. குறைமாதப் பிறப்பு மட்டும் அதனாற் குறையவில்லை. ஆதலின் அத்தகைய வாக்குறுதியை நாம் எவருக்கும் தருதல் கூடாது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை இச்சிகிச்சைக்கு வசதியான காலம்.

புகைப்போரின் ஈறு

ஆடவரிடத்து இடர் வேறுவகையானது. நிகோட்டின் ஈற்றின் குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. நெடுங்காலப் புகைப்பழக்கம் நுண்குழாய்களின் எதிர்வினையையே மழுங்கச் செய்கிறது. சிவப்பும் வீக்கமும் கசிவும் குறைகின்றன. உள்ளே எலும்பின் அழிவோ விரைகிறது. 2016–17இல் நடந்த அகில இந்தியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்த ஆடவரில் 19 விழுக்காட்டினரும் பெண்டிரில் 2 விழுக்காட்டினரும் புகைக்கின்றனர். மெல்லும் புகையிலை முதலியவற்றைப் பயன்படுத்துவோர் ஆடவரில் 29.6 விழுக்காடு, பெண்டிரில் 12.8 விழுக்காடு. ஆகவே பெண்ணிடம் "பீடி உண்டா?" என்று மட்டும் கேட்டு 'புகையிலை இல்லை' என்று எழுதுவது பெரும்பிழை. வெற்றிலையோடு சேரும் புகையிலையைப் பெயர் சொல்லிக் கேட்டல் வேண்டும்.

ஆடவர்க்கே நோய் மிகுதி என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் 2009–10இல் 30 வயதுக்கு மேற்பட்டோரின் வாய் முழுவதையும் அளந்து எடுத்த கணக்கில் ஆடவருள் 56.4 விழுக்காட்டினர்க்கும் பெண்டிருள் 38.4 விழுக்காட்டினர்க்கும் பற்சூழ்திசு அழற்சி காணப்பட்டது. புகைப்பழக்கமும், பல் மருத்துவரை நாடாமையும், பல் விளக்குவதில் அசட்டையும் இதற்குப் பெருங்காரணங்கள். இவற்றைக் கழித்துக் கணித்தாலும் வேறுபாடு முற்றும் மறைவதில்லை. நோயெதிர்ப்பு ஆற்றலில் ஆண், பெண் இருபாலார்க்கும் உள்ள இயற்கை வேறுபாடும் பங்கேற்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

வகுப்புமுறையும் அதன் அடிப்படையும்

நோய்களை வகுக்கும் முறையிலேயே ஆண்–பெண் வேறுபாடு பிழையாகப் புகுந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. இளம்பருவத்தில் முதற் கடைவாய்ப் பற்களையும் முன்பற்களையும் விரைந்து தாக்கும் ஒரு வகை, 1970களில் 'இளம்பருவப் பற்சூழ்திசு நோய்' எனப் பெயர் பெற்றது. அது பெண்களிடமே மிகுதி என்று நூல்கள் எழுதின. பால் நிர்ணயிக்கும் எக்ஸ் குரோமோசோம் வழியே மரபாக வருகிறது என்ற கொள்கையும் அதன்மேற் கட்டப்பட்டது. 1992இல் அமெரிக்க மரபியலார் அச்சான்றுகளை மீண்டும் ஆராய்ந்து, பெண்கள் மருத்துவமனைக்கு மிகுதியாக வந்ததாலேயே அவர்கள் கணக்கில் மிகுதியாக ஏறினர் என்று காட்டினர். வந்தோரை எண்ணியதற்கும் வாராதோரை எண்ணாததற்கும் இடையே ஒரு பரம்பரைக் கொள்கையே உருவாகிவிட்டது! அந்நோயின் பெயர் 1999இல் 'கடுந்தீவிர' வகை என மாறிற்று. 2017இல் சிகாகோவிற் கூடிய உலகப் பயிலரங்கு அத்தனி வகையையும் நீக்கிவிட்டது.

அப்பயிலரங்கு வகுத்த முறையே இன்று வழக்கில் உள்ளது. பற்களுக்கிடையே பிடிப்பு இழப்பு 1–2 மி.மீ. ஆயின் முதல் நிலை; 3–4 ஆயின் இரண்டாம் நிலை; 5உம் அதற்கு மேலும் ஆயின் மூன்றாம் அல்லது நான்காம் நிலை. இந்நோயால் இழந்த பற்கள் நான்கு வரை எனில் மூன்றாம் நிலை. ஐந்தும் அதற்கு மேலும் எனில் நான்காம் நிலை. நோய் பரவும் விரைவை ஏ, பி, சி எனத் தரம் பிரிப்பர். எலும்பின் இழப்பு விழுக்காட்டை வயதால் வகுத்து வரும் ஈவு 0.25க்குக் குறைந்தால் ஏ, 1க்கு மேற்பட்டால் சி, இடைப்பட்டது பி. 40 வயதினர்க்கு 20 விழுக்காடு எலும்பு இழப்பு எனில் ஈவு 0.5, எனவே பி தரம். நாள்தோறும் 10 சிகரெட்டும் அதற்கு மேலும் ஆயினும், நீரிழிவுடையோரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 7 விழுக்காடும் அதற்கு மேலும் ஆயினும் சி தரமாக உயர்த்துவர். ஆண், பெண் என்னும் குறிப்பு இத்தரப் பிரிவில் எங்கும் இல்லை. கருவுறுதலும் பூப்பும் ஈறழற்சியை மிகுவிக்கும் காரணிகள் என்ற தனித் தலைப்பில் மட்டும் இடம்பெறுகின்றன. இது சரியான ஏற்பாடே. ஆனால் சிகரெட் எண்ணிக்கை உண்டு. பீடியும் வாயில் அடக்கும் புகையிலையும் தரக் கணக்கில் இல்லை. இந்தியாவுக்கு, சிறப்பாக இந்தியப் பெண்டிர்க்கு, இது ஒரு குறையென்றே கருதவேண்டியிருக்கிறது.

ஏ, பி, சி என்னும் விரைவுப் பிரிவைக் காணுந்தோறும் தமிழர்க்கு ஒரு செய்தி நினைவுக்கு வருதல் வேண்டும். சிகிச்சையின்றி விடப்பட்ட ஈறு நோய் எவ்வாறு வளர்கிறது என்பதை உலகம் அறிந்தது பெரிதும் இலங்கை மலையகத் தமிழ்த் தொழிலாளரிடமிருந்து. 1970இல் லோவும் குழுவினரும் டன்சினன், ஹரோ என்னும் தேயிலைத் தோட்டங்களில் 480 தொழிலாளரை ஆராயத் தொடங்கினர். பல் விளக்கும் தூரிகையோ பல் மருத்துவமோ அறியாத அவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 1986இல் முடிவை வெளியிட்டனர். எல்லார்க்கும் ஈறழற்சி இருந்தது. ஆயினும் 8 விழுக்காட்டினர்க்கே நோய் விரைந்து பரவிற்று. 81 விழுக்காட்டினர்க்கு மிதமாகப் பரவிற்று. 11 விழுக்காட்டினர்க்கு ஈறழற்சிக்கு மேல் எதுவும் நேரவில்லை. 2010இல் அவர்களுள் 75 பேரை மீண்டும் கண்டு பரிசோதித்தனர். ஒப்பரிய ஆராய்ச்சி இது. ஆனால் அந்த 480 பேரும் ஆடவர். ஒப்பிடுவதற்காக ஆஸ்லோவில் 1969இல் தேர்ந்த 565 மாணவரும் கல்வியாளரும் ஆடவரே. தோட்டத்திற் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள் என்பதை நாம் அறிவோம். ஒரே லயத்தில், ஒரே உணவுண்டு வாழ்ந்த அப்பெண்களுக்குப் பல பேறுகாலங்களின் ஊடே நோய் எவ்விரைவில் நடந்தது என்பதற்கு இணையான கணக்கு அவ்வாராய்ச்சியில் இல்லை.

தங்கவயலிற் கணக்கெடுப்போர் கவனத்திற்கு

மலையக லயங்களைப் போன்றே தங்கவயலின் லைன்களும் நெருக்கமான குடியிருப்புகள். அங்கே கணக்கெடுப்போர் முற்பகல் வருகையோடு மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஒருமுறை செல்லுதல் வேண்டும். இரயிலேறிச் செல்லும் ஆடவரும், ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் அப்போதுதான் அகப்படுவர்.

கோலார் மாவட்டம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதி. பற்களிற் காணும் பழுப்புத் திட்டுகளைப் பற்காரை என்றோ ஈறு நோய் என்றோ மயங்குதல் கூடாது. காரை ஈற்றோரத்திலும் பல் இடுக்கிலும் கெட்டியாகப் படியும், ஃபுளோரைடுக் கறையோ எனாமலிலேயே ஊறியிருக்கும். ஈற்றின் நிறத்தையும் முற்றும் நம்பலாகாது. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர். அவ்வயது ஆடவருள் 25 விழுக்காட்டினரே. சோகையுற்றவரின் வெளிறிய ஈற்றில் அழற்சியின் சிவப்பு மங்கித் தோன்றும். ஈற்றின் இயற்கையான கருமை நோயன்று என்பதையும் தாய்மாருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிகளில் 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவ மாணவியர்க்கு ஈறு வீங்கிக் குருதி கசிவது பூப்புப் பருவ ஹார்மோன்களால் மிகும். இது சிறுமியர்க்கு மட்டுமே உரியதென்பது தவறு, சிறுவர்க்கும் உண்டு. நன்கு பல் விளக்கினாலே தணியும். கசிவைக் கண்டு அஞ்சிப் பல் விளக்குவதை நிறுத்துவதே சிறுவர் செய்யும் தவறு. ஆனால் முதற் கடைவாய்ப் பல்லோ முன்பல்லோ அந்த வயதில் ஆடுமாயின், பூப்பின் விளைவென்று விட்டுவிடாமல் உடனே அனுப்பவேண்டும். பெமல் நகரிலுள்ள பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே உள்ளது.

சலாகையின்றிப் பணிபுரிவோர், ஆடவரிடம் குருதிக் கசிவைக் கேட்பதோடு நில்லாமல், பல் முன்னைவிட நீண்டு தெரிகிறதா, பற்களிடையே புதிதாக இடைவெளி விழுந்ததா, உணவு சிக்குகிறதா, சொத்தையின்றியே எத்தனை பற்கள் விழுந்தன என்று கேட்டறிதல் வேண்டும். கடைசி வினா பெண்டிர்க்கும் இன்றியமையாதது. நோயின் நிலையை முடிவு செய்வதில் அவ்வெண்ணிக்கைக்குப் பங்குண்டு. பெண்ணின் அட்டையில் கருவின் மாதத்தையோ, பேறுகாலம் முடிந்து எத்தனை மாதம் என்பதையோ தவறாது குறிக்க வேண்டும். கருவுற்ற காலத்திற் பையின் ஆழம் மிகுந்திருந்தால், பேறு முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் மறுபரிசோதனைக்கு நாள் எழுதுக. குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் நாளோடு அதனை இணைத்தால் வேறொரு பயணம் மிச்சமாகும்.

புகைப்பதை நிறுத்தும் ஆடவர்க்கு முன்கூட்டியே சொல்லவேண்டியது ஒன்றுண்டு. நிறுத்திய சில வாரங்களில் ஈற்றின் குருதியோட்டம் மீளத் தொடங்கும். அதுவரை கசியாத ஈறு அப்போது கசியக்கூடும். பீடியை விட்டதால் நோய் வந்தது என்று எண்ணி அவர் மீண்டும் பீடியைப் பற்றவைத்துவிடாதிருக்க, இதனை அட்டை தரும் அன்றே எடுத்துரைத்து, பற்காரை நீக்குவதற்கான நாளையும் குறித்துக் கொடுக்க வேண்டும்.